வேலையை விட்டாச்சு, மலைக்கு எத்தனை ப்ராஜெக்ட் தூக்கிட்டுப் போறது?

மக்களே, மார்ச்சோட நோட்டீஸ் பீரியட் முடியுது. ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசமும் நாகலூர்ல இருக்கறதா உத்தேசம். ஏற்காட்டுக்குப் பக்கத்து ஊர். அம்மா பொறந்த ஊர், பெரிய மாமாவுக்கு அங்க ரெண்டு ஏக்கர் காப்பி இருக்கு. கீழ சேலம் கொதிக்கும்போது 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா ராத்திரி போர்வை தேடணும். இதைவிட என்ன காரணம் வேணும்?

வேலையை விடப்போறேன்னு சொன்னதுமே, கூட வேலை பார்க்கறவங்க எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "சூப்பர், என்ன ப்ராஜெக்ட் பண்ணப்போற?" ஏன்யா, மனுஷன் சும்மா இருக்கக்கூடாதா? ஆனா பாருங்க, என்கிட்டயும் ஒரு பட்டியல் இருந்துச்சு. தமிழுக்கு ஒரு நல்ல சொற்பிழை திருத்தி (இந்த ஆசை இல்லாத தமிழ் ப்ரோக்ராமர் உண்டா?), போன்ல ஆடுற ஆடு புலி ஆட்டம், ரஸ்ட் கத்துக்கறது, மலைப் பேச்சுக்கு ஒரு சொல் பட்டியல், அப்புறம் மாமாவோட மழை நோட்டு.

அஞ்சுல நாலை வெட்டிட்டேன். ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

வேலைதான் நம்மளைத் தடுக்குது, அதை விட்டா எல்லாம் நடந்துடும்னு நம்மாளுங்களுக்கு ஒரு நம்பிக்கை. தமிழ்க் கணிமையைப் பார்த்தா அப்படித் தெரியலை. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்துல வேதியியல் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டேதான் 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டத்தை ஆரம்பிச்சார். முத்தையா அண்ணாமலை எழில் நிரல்மொழியை எழுதினது வேலை போக மிச்ச நேரத்துல. கைடோ வான் ராசம் பைத்தானை ஆரம்பிச்சது 1989 கிறிஸ்துமஸ் லீவுல, பொழுதுபோக்குக்கு. இவங்க யாரும் ராஜினாமா கடிதம் கொடுத்துட்டு உட்காரலை.

மொத்தமா நேரம் ஒதுக்கினவங்க கதை வேற மாதிரி. டொனால்ட் கனூத் தன் புத்தகத்தோட அச்சு நல்லா இல்லைன்னு 1977ல டெக் எழுத ஆரம்பிச்சார். 1978 விடுப்புல முடிச்சுடலாம்னு கணக்கு. இனி மாத்த மாட்டேன்னு அவர் சொல்லும்போது 1989. கனூத்துக்கே அப்படின்னா, நம்ம மூணு மாசம் எந்த மூலைக்கு?

அதனால நான் வேலையை விட்டது ப்ராஜெக்டுக்காக இல்லை. ராத்திரி ரெண்டு மணி கால் உடம்புக்கு ஒத்துக்கலை, விட்டேன், அவ்வளவுதான். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டா ஓய்வும் கிடைக்காது, வேலையும் முடியாது.

அப்ப மழை நோட்டு மட்டும் ஏன்? சொல்றேன்.

காப்பித் தோட்டத்துல மழையை அளந்து எழுதி வைக்கறது பழைய பழக்கம். கணக்கு மில்லிமீட்டர்ல இல்லை, இஞ்ச்லயும் சென்ட்லயும். 100 சென்ட் ஒரு இஞ்ச், அதாவது 25.4 மில்லிமீட்டர். "நேத்து நாப்பது சென்ட்" அப்படின்னா பத்து மில்லிமீட்டர் பெஞ்சிருக்குன்னு அர்த்தம். கோடையோட முதல் நல்ல மழையிலதான் காப்பி பூக்கும். ஒரு இஞ்சாவது வேணும். பெஞ்சு ஒரு வாரம், பத்து நாள்ல தோட்டமே வெள்ளையாகி மல்லிகை மாதிரி வாசம் அடிக்கும். பூத்தது காயாகணும்னா, அடுத்த சில வாரத்துல இன்னொரு மழை பெய்யணும். அது பொய்ச்சா அந்த வருஷ மகசூல் போச்சு. ஆக அந்த நோட்டுல இருக்கறது வெறும் நம்பர் இல்லை, எந்த வருஷம் கடன் வாங்கினாங்க, எந்த வருஷம் கல்யாணம் வச்சாங்கங்கறதும் அதுக்குள்ளதான்.

மாமா 1983லேர்ந்து எழுதறார். எல்லாம் பென்சில். சில நாளைக்கு வட்டம், சில நாளைக்குக் கோடு. வட்டம்னா பூ விட்ட நாளாம். கோடு என்னன்னு அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவருக்கு 78 வயசு. மலை ஈரத்துல நாலு நோட்டு ஓரம் செல்லரிச்சாச்சு. சொற்பிழை திருத்தி நான் எழுதலைன்னா வேற ஒருத்தர் எழுதுவார். இதை அப்படி விட முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு நூறு மழை நாள்னு வச்சாலும் 4,000 வரி சொச்சம். மாமாகிட்ட கேட்டுச் சரிபார்த்து வரிக்கு ஒரு நிமிஷம்னா, தினம் அஞ்சு மணி நேரம் உட்கார்ந்தா ரெண்டு வாரம். கோட் எழுதறதுதான் கஷ்டம்னு இருந்த காலம் போயிடுச்சு. இப்ப ஏ.ஐ.கிட்ட கேட்டா சாயங்காலத்துக்குள்ள ஆப்பே கட்டிக் கொடுக்கும். ஆனா அந்தக் கோடு என்னன்னு அதுக்குத் தெரியாதே! அதனால ஆப் எல்லாம் கிடையாது. ஒரு எக்செல் தாள், பிரிண்ட் எடுத்து ஒரு காப்பி மாமாவுக்கு. ப்ரோக்ராமர் கௌரவத்துக்குக் கொஞ்சம் குறைச்சல்தான் :-)

மலைப் பேச்சுப் பட்டியலைப் பத்தி ஒரு வார்த்தை. சேர்வராயன் மலையோட பழங்குடிகளுக்கு மலையாளின்னு பேர் (கேரளாவோட சேர்த்துடாதீங்க). அவங்க தமிழ் காதுக்கு அவ்வளவு நல்லா இருக்கும். ஆனா கோடைக்கு வந்து, சொல்லைப் பொறுக்கிட்டு, ஜூன்ல பஸ் ஏறிப் போறது எனக்கு உறுத்துது. அவங்க பிள்ளைங்களே பண்ணட்டும், கூப்பிட்டா தொழில்நுட்ப உதவிக்கு நான் ரெடி.

வீட்டம்மா நேத்து கேட்டாங்க: "சம்பளம் இல்லாத மூணு மாசத்துல கையில என்ன இருக்கும்?" ஒரு எக்செல் ஃபைல்னு சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அந்த ஃபைலை எனக்கும் ஒண்ணு அனுப்பிடுங்க, உங்க லேப்டாப்பை நம்ப முடியாது"ன்னாங்க. சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

உங்கள்ல யாராவது செல்லரிச்ச பேப்பரை ஸ்கேன் பண்ணின அனுபவம் இருந்தா சொல்லுங்க. சாதா ஸ்கேனர்ல வச்சா உதிர்ந்துடுமோன்னு பயமா இருக்கு. போன் கேமராவுல மேலேர்ந்து எடுத்தா பென்சில் எழுத்து தெரியுமா?