வன்னியிலிருந்து ஓர் உளவியல் கலாநிதி

உளவியலில் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவரிடம் பல்கலைக்கழகங்கள் பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் பார்ப்பதில்லை. ஆய்வொன்றில் இறங்கி வேலை செய்த அனுபவம் வேண்டும். அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். மாணவரைப் பொறுப்பேற்கச் சம்மதிக்கும் மேற்பார்வையாளர் ஒருவரும் வேண்டும். இவை இல்லாவிட்டால் முதலாம் வகுப்புச் சித்தியும் பெரிதாக உதவாது. வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் படித்து வளர்ந்த ஒருவருக்கு இம்மூன்றும் எங்கே, எந்த வயதில் கிடைக்கும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. போரின் உளப்பாதிப்புப் பற்றி உலக ஆய்விதழ்களில் நிறைய எழுதப்பட்ட நிலங்களில் இலங்கையின் வடகிழக்கும் ஒன்று. அந்த எழுத்துகளில் வன்னி மக்கள் பெரும்பாலும் கேள்விக்குப் பதில் சொன்னவர்களாகவும் மொழிபெயர்த்துக் கொடுத்தவர்களாகவுமே வருகிறார்கள். கேள்வியை எழுதியவர்களாக வருவது அரிது.

முதலில் எந்தப் பட்டம் என்பது தெளிவாக வேண்டும். அமெரிக்காவில் மருத்துவ உளவியலுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஆய்வும் சிகிச்சையும் இணைந்த பிஎச்.டி., 1949இல் பவுல்டர் மாநாட்டில் வகுக்கப்பட்ட மாதிரியைப் பின்பற்றுவது. சிகிச்சைப் பயிற்சிக்கு முதலிடம் கொடுக்கும் சை.டி. பட்டத்துக்கு 1973இல் நடந்த வெய்ல் மாநாடு அங்கீகாரம் தந்தது. முதலாவதில் கட்டண விலக்கும் மாதப்படியும் கிடைப்பது வழக்கம். இரண்டாவதில் பெரும்பாலும் மாணவரே பணம் கட்ட வேண்டும். இரண்டிலும் கடைசி ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. பிரித்தானியாவின் மருத்துவ உளவியல் கலாநிதிப் பட்டம் தேசிய சுகாதார சேவையோடு பிணைந்த மூன்று வருடப் பயிற்சி என்பதால் வெளிநாட்டவருக்கு இடம் மிகக் குறைவு. ஆய்வுப் பிஎச்.டி.க்கு அத்தகைய தடை இல்லை; நல்ல ஆய்வு முன்மொழிவும் பணமும் இருந்தால் போதும். ஜேர்மனியில் பேராசிரியர் ஒருவர் ஏற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், கலாநிதி 12ஆம் மட்டம். பின்னதற்குக் குறைந்தது மூன்று வருட முழுநேர ஆய்வு வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. ஆய்வுக் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அதனாலேயே சிகிச்சை அளிக்கும் தகுதி பெற்றுவிடுவதில்லை. மருத்துவ உளவியலாளர் என்ற பதிவுக்கு மேற்பார்வையுடன் கூடிய சிகிச்சைப் பயிற்சி தேவை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் முதுதத்துவமாணிக் கற்கை அதற்கான ஓர் உள்நாட்டு வழி. மாவட்ட வைத்தியசாலையில் ஆட்களைப் பார்க்க விரும்புகிறவர் கலாநிதிப் பட்டத்தைத் துரத்துவது வீண் அலைச்சல். வன்னிக்கு இன்று உடனடியாகத் தேவைப்படுவது தமிழ் பேசும் சிகிச்சையாளர்கள்தான் என்று வாதிட்டால் அதை மறுப்பது கடினம். ஆனால் அந்தச் சிகிச்சையாளர்களை யார் பயிற்றுவிப்பது, எந்த அளவுகோலால் நோயை அளப்பது என்ற கேள்விகள் எழும்போது ஆய்வாளர் இல்லாமல் முடியாது.

பாதையின் தொடக்கம் பாடசாலையில் இல்லை. க.பொ.த. உயர்தரத்தில் உளவியல் ஒரு பாடமே அல்ல. வன்னி மாணவர் அதைச் சந்திப்பது கலைப்பீடத்துக்குப் போன பிறகு. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் உளவியல் நெடுங்காலம் மெய்யியலின் நிழலில் வளர்ந்த பாடம். தனித்துறை, சோதனைக்கூடம், புள்ளிவிபரப் பயிற்சி எல்லாம் பிந்தி வந்தவை. தமிழ்மொழி மூலம் படித்த மாணவருக்குப் பாடநூல் ஒரு பக்கம், ஆய்விதழ் இன்னொரு பக்கம், நடுவில் ஆங்கிலம். பட்டப்படிப்பு அனுமதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. அந்தச் சலுகை பல்கலைக்கழக வாசலோடு முடிந்துவிடும். கலாநிதி மட்டத்தில் மாவட்ட ஒதுக்கீடு என்று ஒன்றுமில்லை. கொழும்பில் ஆங்கில மூலம் படித்தவரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

வேறொரு வகையினரும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகும், செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாம்களில் மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் அடைபட்டிருந்த 2009க்குப் பிறகும் வடக்கில் பல ஆசிரியர்களும் இளைஞர்களும் உளவளத்துணையாளர்களாகவும் உளசமூகப் பணியாளர்களாகவும் பயிற்றப்பட்டார்கள். இவர்கள் எத்தகைய வேலையைச் செய்யக்கூடியவர்கள் என்பதற்கு அச்சிலேயே சான்று உண்டு. ஜேர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய குழுவினர், சுனாமி முடிந்த சில வாரங்களில் வடக்கின் முகாமொன்றில் 31 பிள்ளைகளுக்கு அளித்த சிகிச்சை பற்றிய ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு பகுதிப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைக் காலவரிசையில் சொல்லி, பயங்கர நிகழ்வுகளைக் கோவைப்படுத்திக்கொண்டார்கள். மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரு பகுதியினரிலும் பெரும்பாலோர் ஆறு மாதத்தில் தேறினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, ஆறு அமர்வுகள் கொண்ட அந்தச் சிகிச்சையை அளித்தவர்கள் உள்ளூரில் பயிற்றப்பட்ட ஆசிரியர் உளவளத்துணையாளர்கள் என்பது. நியாயமாகச் சொன்னால், அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் உள்ளூர்ப் பெயர் ஒன்றும் இருக்கிறது. ஆயினும் ஆய்வின் வடிவமைப்பும் பகுப்பாய்வும் அதன் வழியே வரும் கல்விசார் பெயரும் பெரும்பாலும் கொன்ஸ்டன்ஸிலேயே தங்கின.

இப்படி வேலை செய்த ஒருவர் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது உளவளத்துணை டிப்ளோமா, பத்து வருடக் கள அனுபவம், வேறு பாடத்தில் ஒரு பொதுப்பட்டம். எந்த அனுமதிக்குழுவும் அதைச் சிறப்புப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளாது. குழுவின் மேல் முழுக் குறையும் சொல்ல முடியாது: கள அனுபவம் கேட்கத் தெரிந்த காதைத் தரும், மாதிரியெடுப்பும் பகுப்பாய்வும் தராது. ஆனால் இந்த இடைவெளியை நிரப்பும் கற்கையொன்று, அதாவது ஆய்வுக்கட்டுரையோடு கூடிய முதுமாணி, தமிழ் தெரிந்த மேற்பார்வையில், வேலையை விடாமல் படிக்கக்கூடியதாக, வன்னிக்குள் இல்லை. பயிற்சிப்பட்டறைச் சான்றிதழ்கள் மட்டும் கோப்பு நிறைய உண்டு.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வழக்கமாக மூன்று கடிதம் கேட்கும். மாணவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எல்லோரோடும் நன்றாகப் பழகுவார் என்று நம்மவர் எழுதும் நற்சான்றிதழ் அங்கே எடுபடாது. இந்த மாணவர் எந்தத் தரவைச் சேகரித்தார், எங்கே பிழைத்தது, அதை எப்படிச் சரிசெய்தார் என்று எழுத வேண்டும். நிரம்பிய விரிவுரை மண்டபத்தில் மாணவரைக் கண்ட விரிவுரையாளரால் அப்படி எழுத முடியாது. சிறப்புப் பட்ட ஆய்வுக்கட்டுரையை மேற்பார்வை செய்தவரே முதல் கடிதத்துக்கு உரியவர். அவரோடு சேர்ந்து அக்கட்டுரையைச் சுருக்கி மாநாடொன்றில் வாசிப்பது நூறு சான்றிதழுக்கு மேல்.

தன்விளக்கக் கூற்று என்பது வன்னி விண்ணப்பதாரருக்கு மட்டும் தனியாக ஒரு பொறியை வைத்திருக்கிறது. ட்ரூ ஆப்பிள்பியும் கேரன் ஆப்பிள்பியும் உளவியல் துறைகளின் அனுமதிக்குழுத் தலைவர்களிடம் விசாரித்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விண்ணப்பத்தைக் கெடுக்கும் காரணங்களில் ஒன்றாக அத்தலைவர்கள் குறிப்பிட்டது, தன்னுடைய உளத்துன்பத்தை அளவுக்கு மீறி விவரிப்பது. பாதிக்கப்பட்டதால் பிறருக்கு உதவ வந்தேன் என்ற வாக்கியம் அவர்களுக்குச் சலித்துப்போன ஒன்று. 2009 மே மாதம், போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் சிறுவயதில் இருந்த ஒருவர் இதை எப்படிக் கையாள்வது? முழுதாக மறைத்தால் அவருடைய ஆய்வு ஆர்வத்துக்கு வேரே இல்லாமல் போகும். முழுதாக எழுதினால், ஒன்றில் இரக்கம் கிடைக்கும், அல்லது இவரால் இந்தத் தலைப்பைத் தள்ளிநின்று பார்க்க முடியுமா என்ற சந்தேகம் வரும். இரண்டும் அனுமதி அல்ல. தனக்கு நடந்ததை ஒரு வரியில் சொல்லி, அதிலிருந்து எழுந்த, விடை தெரியாத கேள்வியைப் பத்து வரியில் சொல்வதே சரியான விகிதம். துயரத்தை விண்ணப்பத்தின் மூலதனமாக்கச் சொல்லும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அது பயன்படாது, கண்ணியமும் அல்ல.

கேள்விகளுக்கு இங்கே பஞ்சமில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். வவுனியாவும் முல்லைத்தீவும் அடுத்தடுத்துச் சேர்ந்தன. இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்புக்கு அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் ஒரு கோட்பாடே வகுத்திருக்கிறார். ஆனால் போராட்டப் பந்தலில் வருடக்கணக்கில் கூடியிருப்பது அந்த இழப்பைத் தாங்க உதவுகிறதா, ஆறவிடாமல் வைக்கிறதா, அல்லது இரண்டையும் ஒருசேரச் செய்கிறதா என்பது அங்கே போய்வரக்கூடியவர் நெடுநாள் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அளவுகோல் பற்றிய கேள்வி இன்னும் அடிப்படையானது. 2009 நடுப்பகுதியில் யாழ். மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்று நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோயை 7 வீதம் என்றும், மனச்சோர்வை 22.2 வீதம் என்றும், பதகளிப்பை 32.6 வீதம் என்றும் கணக்கிட்டது. இவை பிறநாடுகளில் உருவான வினாக்கொத்துகளின் வழியே வந்த எண்கள். இலங்கையில் பிறந்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ, இந்நாட்டு மக்கள் தங்கள் பாதிப்பைத் தனிமனித அறிகுறிகளாக மட்டும் அல்லாமல் உறவுகளின் சிதைவாகவும் காண்கிறார்கள் என்று காட்டி, உள்நாட்டு அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இலும், வன்னி இடம்பெயர்ந்தோரைப் பற்றி 2010இலும் எழுதிய கட்டுரைகள் இதையே கூட்டு மனவடு என்ற கருத்தால் விளக்கின: பாதிக்கப்படுவது ஆள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும். ஊரையும் அலகாக எடுத்து அளக்கும் கருவி எப்படி இருக்கும் என்பது ஒரு கலாநிதி ஆய்வுக்குத் தாராளமாகப் போதும்.

செலவும் நாட்காட்டியும் சாதாரண விஷயங்கள், ஆனால் பலரை விழுத்துபவை அவைதான். அமெரிக்க விண்ணப்பங்களின் முடிவுத்திகதி பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் வரும். மேற்பார்வையாளருக்குக் கடிதம் எழுதுவதை ஓகஸ்டிலேயே தொடங்க வேண்டும். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. ஐந்து இடத்துக்கு விண்ணப்பிக்க நினைத்தவர் மூன்றோடு நிறுத்த வேண்டியதாயிற்று. விண்ணப்பக் கட்டண விலக்குக் கேட்டால் பல பல்கலைக்கழகங்கள் கொடுக்கும். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம்.

அனுமதி கிடைத்தபின் ஆய்வுக்கு ஊர் திரும்புபவர் சந்திப்பது வேறு பிரச்சினை. உள்ளூர் ஆய்வாளருக்குக் கதவு இலகுவில் திறக்கும். அதே காரணத்தால் மறுப்பதும் மக்களுக்குக் கடினமாகும். தெரிந்த பிள்ளை கேட்கிறாள் என்பதற்காகத் தரப்படும் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் நெறிமுறைக் குழு போன்ற அமைப்புகள் விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். ஒரே குடும்பத்திடம் எத்தனையாவது தடவை இந்தக் கதை கேட்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமானபோது பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் என மூன்று பீடங்கள் இருந்தன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் இயங்குகின்றன. எதுவும் உளவியலுக்குரியதல்ல. இன்று ஒரு துறை தொடங்கினாலும் சிறப்புப் பட்டத்துக்கு நான்கு, முதுமாணிக்கு இரண்டு, கலாநிதிக்கு மூன்று என்று ஒன்பது வருடமாவது செல்லும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வழி, யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பதிவுசெய்த மாணவருக்கு வெளிநாட்டு இணை மேற்பார்வையாளர் ஒருவரைச் சேர்ப்பது. புலம்பெயர்ந்த தமிழரில் உளவியல் கற்பிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். வன்னியில் தரவு சேகரிக்கும் எந்த வெளிநாட்டு ஆய்வுத் திட்டமும் உள்ளூர் மாணவர் ஒருவருக்கான முதுமாணிச் செலவைத் தன் வரவுசெலவில் காட்ட வேண்டும் என்று நெறிமுறைக் குழுக்கள் நிபந்தனை விதிக்கலாம்.