புகைபோக்கியும் கட்டொழுங்கு ஆசிரியரும்



பள்ளி விடுமுறை நெருங்குகிறது. மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் செல்லும் ஆசிரியர்கள் நம்மிடையே பெருகிவிட்டனர். அவர்களுள் இருவர் சென்ற வாரம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டனர்: "சார், எந்த எக்சோஸ் மாத்தலாம்?" புகைபோக்கி என்று நாம் வகுப்பில் எழுதினாலும் பட்டறையில் அதற்கு எக்சோஸ் என்பதே பெயர். அவர்களுக்குச் சொன்ன விடையை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். மோட்டார் சைக்கிள் ஓட்டாத பெற்றோரும் படிக்க வேண்டுகிறேன். காரணம் பின்னால் வரும்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். பயண வண்டிக்குப் புகைபோக்கி வாங்குவோர் கடை வாசலில் கேட்கும் ஓசையை நம்பி முடிவெடுக்கக் கூடாது. பயணத்தின் ஐந்தாவது மணி நேரத்தில் அது எப்படி ஒலிக்கும், பள்ளி வாசலில் எப்படி ஒலிக்கும் என்று எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும். நான் அப்படி எண்ணிப் பார்க்கவில்லை.

என்னுடையது ஹோண்டா சிபி500எக்ஸ். 471 சிசி, இரட்டை உருளை இயந்திரம். நிறுவனம் பொருத்தித் தரும் புகைபோக்கி மிக அடக்கமானது. தையல் இயந்திரம் போல ஒலிக்கிறது என்று நண்பர்கள் கேலி செய்தனர். நாற்பது வயதைத் தாண்டியவனுக்கும் கேலி உறைக்கத்தான் செய்கிறது. கடைக்காரர் வேறொரு வண்டியில் புதிய புகைபோக்கியை முறுக்கிக் காட்டினார். மனம் இளகிவிட்டது. உள்ளே ஒலியைக் குறைக்கும் சிறு குழல் ஒன்று உண்டு. டிபி கில்லர் என்பார்கள். அதையும் கழற்றிவிடச் சொன்னேன்.

அடுத்த விடுமுறையில் துணைவியாருடன் தைப்பிங்கிலிருந்து கோத்தா பாருவிற்குப் புறப்பட்டேன். கோலகங்சார் வரை இன்பமாகத்தான் இருந்தது. கிரிக்கைத் தாண்டிக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏறியபின் தொல்லை தொடங்கியது. நகரத்தில் வேகம் கூடிக் குறைவதால் ஓசையும் மாறிக்கொண்டே இருக்கும். நீண்ட சாலையில் இயந்திரம் ஒரே சுழற்சியில் மணிக்கணக்காக ஓடும். அப்போது எழும் ஒரே சுருதியிலான ரீங்காரம் மண்டைக்குள் குடியேறிவிடுகிறது. யானைகள் சாலையைக் கடக்கும் காட்டுப்பகுதி அது. அவற்றின் காதுகளை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஜெலியில் தேநீர் அருந்த நிறுத்தியபோது, கடைக்கார அம்மாள் கேட்டதை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். "தகர டிரம்முக்குள்ள உட்கார்ந்து வந்த மாதிரி இருக்குங்க" என்றார் துணைவியார். மறுநாள் காலை வரை என் காதில் இரைச்சல் ஓயவில்லை.

பின்னர்தான் படித்துப் பார்த்தேன். நாளொன்றுக்கு 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வுக் கழகத்தின் வரையறை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடுதலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். ஆகவே 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரமே அனுமதி. நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்கவசத்தினுள் காற்றின் இரைச்சல் மட்டுமே 90 டெசிபலைத் தாண்டுகிறது. அதன்மேல் நாம் பணம் கொடுத்து இன்னும் ஏற்றிக்கொள்கிறோம்.

திறன் கூடும் என்பார்கள். பின்பகுதியை மட்டும் மாற்றினால் கிடைப்பது ஓரிரு குதிரைத்திறன். அதுவும் உச்சச் சுழற்சியில்தான். பயணத்தில் அந்தச் சுழற்சியை நாம் தொடுவதே இல்லை. எடை குறையும் என்பது உண்மை. எனக்கு இரண்டு கிலோ குறைந்தது. ஏறத்தாழ 200 கிலோ வண்டியில் இருவர் அமர்ந்து, மூன்று பெட்டிகளையும் மாட்டிக்கொண்டு போகையில் இரண்டு கிலோவைப் பற்றிப் பேசுவது வேடிக்கை.

உரத்த ஓசை உயிர் காக்கும் என்னும் வாதத்தை நான் ஏற்பதில்லை. புகைபோக்கியின் வாய் பின்னோக்கி இருக்கிறது. நம்மீது மோதக்கூடிய வாகனமோ பெரும்பாலும் முன்னால், சன்னலை மூடி, குளிர்சாதனத்தை இயக்கியபடி நிற்கிறது. நம் நாட்டிலேயே இதற்கு வேறு விடை உண்டு. 1992இல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி வந்தது. சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடந்த ஆய்வில், மோட்டார் சைக்கிள் பிறர் கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது.

இனிப் பெற்றோருக்கு உரியது. எங்கள் முதலாம் ஆண்டு வகுப்பு சாலையோரம் இருக்கிறது. சன்னல்கள் திறந்தே இருக்கும். 'பல்லி', 'பள்ளி' என்று நான் மாறி மாறிச் சொல்ல, பிள்ளைகள் வேறுபாட்டைக் காதால் பிடிக்க வேண்டும். வெளியே ஒரு வண்டி அலறிப் போனால் அந்த ளகரம் போயிற்று. பெரியவர்கள் விடுபட்ட ஒலியை ஊகித்துக்கொள்வார்கள். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அந்த ஊகம் இன்னும் வரவில்லை. பாடம் நடக்கும் வகுப்பறையில் பின்னணி ஓசை 35 டெசிபலுக்கு மேற்படக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இலேயே பரிந்துரைத்தது.

எங்கள் பள்ளியில் நான் கட்டொழுங்கு ஆசிரியரும்கூட. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியை அழைத்துப்போக அவளுடைய அண்ணன் நாள்தோறும் வருவான். பதினேழு வயது. வண்டி மூன்று தெருவுக்கு முன்பே கேட்கும். "நீங்க சொன்னா கேட்பான் சார்" என்று அவன் தாயார் என்னிடம் வந்து கண்கலங்கினார். நானும் வாசலில் அவனை நிறுத்திப் பேசினேன். அவன் மரியாதையாகவே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சார், உங்க மோட்டார் என்னோடத விட சத்தம்" என்றான். பயிற்சிக் கல்லூரியில் கற்ற எந்த உத்தியும் அப்போது கைகொடுக்கவில்லை.

அவ்வாரச் சனிக்கிழமையே பழைய புகைபோக்கியை மாட்டிவிட்டேன். நல்ல வேளை, அதை விற்கவில்லை. நீங்களும் விற்காதீர்கள்.

மாற்றியே தீர வேண்டுமென்றால் சில சொல்கிறேன். முழுத் தொகுதியை மாற்றாதீர்கள். பல வண்டிகளில் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி முன்குழாயில்தான் உள்ளது, அதுவும் சேர்ந்து போய்விடும். ஐக்கிய நாடுகளின் 92ஆம் எண் விதிப்படி சான்று பெற்றதா என்று பாருங்கள். உடலிலேயே வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். அச்சான்று உட்குழல் உள்ளே இருக்கும்வரைதான் செல்லும். மோட்டார் வாகன ஓசை குறித்து நம் நாட்டில் 1987 முதல் தனி ஒழுங்குவிதிகள் இருப்பதையும் மறக்க வேண்டாம். நம் மழைக்குத் துருப்பிடிக்காத எஃகே போதும். டைட்டானியத்துக்குச் செலவிடும் பணத்தில் நல்ல தலைக்கவசம் வாங்கலாம். பக்கப் பெட்டிக்கும் குழாய்க்கும் இடையே போதிய இடைவெளி உண்டா என்று பெட்டியை மாட்டியே சோதியுங்கள். என் மழைச்சட்டைப் பை உருகியது இவ்வாறுதான்.

அந்த இளைஞன் இன்னும் புகைபோக்கியை மாற்றவில்லை. ஆனால் சென்ற மாதத்திலிருந்து பள்ளி வேலி தொடங்கும் இடத்திலேயே இயந்திரத்தை அணைத்துவிட்டு, வாசல்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான்.