எழுதியவன் யார்?

தேர்வில் தோற்றுவிட்டான் மாணவன். தோள் தொட்டுத் தூக்கிவிட வேண்டிய தந்தையோ சோதிடன் வீட்டுத் திண்ணையிலே! "ஏழரைச் சனி, பையனுக்குப் படிப்பு வாய்க்காது" என்கிறான் சோதிடன். அதற்குத் தட்சிணை வேறு! இயற்கணிதத்தில் அவன் இடறுகிறான் என்பது பாடம் சொல்லித்தரும் நமக்குத் தெரியும். இயற்கணிதத்துக்கும் சனிக்கும் என்ன உறவு என்பதுதான் விளங்கவில்லை.

தலையெழுத்து என்கிறார்களே, எழுதியவன் யார்? எந்த மொழியில் எழுதினான்? படித்துப் பார்த்தவர் உண்டா? வள்ளுவரே ஊழைப் பாடினாரே என்று ஏட்டைத் தூக்கி வருவர். ஆள்வினையுடைமைக்கும் அவர் ஓர் அதிகாரம் தந்ததை வசதியாக மறந்துவிடுவர்!

தோற்றதெல்லாம் விதி என்று ஓய்ந்திருந்தால், சுயமரியாதைத் திருமணம் என்ற சொல்லே இன்று இருந்திராது. 1928இல், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், பெரியார் தலைமையில், புரோகிதரின்றி, மந்திரமின்றி அம்மணம் நடந்தது. வைதிகம் வசைபாடியது. 25 ஆண்டுகள் கழித்து, 1953இல், இத்தகைய மணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றமே தீர்ப்பளித்தது. எண்ணிப் பாருங்கள்! ஊரறிய மாலை மாற்றியவள் சட்டத்தின் கண்ணில் மனைவியல்லள். அவள் பெற்ற பிள்ளையின் வாரிசுரிமை கேள்விக்குறி. விடைத்தாளில் விழும் சிவப்புக் கோடு இதன் முன் எம்மாத்திரம்?

தீர்ப்புக்குப் பின்னும் மணமேடைகள் எழுந்தன. செல்லாது என்று அறிந்தே மாலை மாற்றினர். அந்த நங்கையரின் துணிவை நாம் தனியே போற்றுகிறோம். ஆடவரைவிட அவர்கள் இழக்கக்கூடியது அதிகம்.

1967இல் ஆட்சிக்கு வந்தார் அண்ணா. அவ்வாண்டே சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறியது. 1968 சனவரியில் சட்டமாயிற்று. உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தாலும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி அணிவித்தாலும் மணம் செல்லும். அதற்கு முன் அவ்வாறு நடந்த மணங்களும் செல்லும்! சுக்கிலநத்தத்திலிருந்து அந்தச் சட்டத்துக்கு வந்துசேர ஏறத்தாழ 40 ஆண்டுகள்.

'முயன்றால் முடியும்' என்று மேடைதோறும் முழங்குவோரையும் ஒன்று கேட்போம். அந்த மணமக்கள் இன்னும் அழகாக மாலை மாற்றியிருந்தால் வழக்கில் வென்றிருப்பார்களா? குறை அவர்களிடம் இல்லை, சட்டத்தில் இருந்தது. ஆகவே சட்டத்தை மாற்றப் பாடுபட்டனர். நம் மாணவனின் குறை இயற்கணிதத்தில். ஒற்றை அறையில், ஆறு பேர் நடுவே படிப்பவன் என்றால், குறை வீட்டிலும் நாட்டிலும்கூட உண்டு. குறை எங்கே என்று தேடாமல் 'முயல், முயல்' என்று ஓதுவது, சோதிடத்தின் தம்பி!

தந்தையாரே, துணைத்தேர்வு வருகிறது. அடுத்த தட்சிணைக்கு எடுத்துவைத்த பணத்தைத் தேர்வுக் கட்டணமாகக் கட்டுங்கள். மாலையில் பையனை அனுப்பிவையுங்கள். இயற்கணிதத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்குவோம்.