உங்கள் ஆடியோ போனை விட்டு வெளியே போகிறதா?

தாத்தா சொன்ன குடும்பக் கதையை 'வேவ்' ஃபைலாகப் பதிவு செய்தால், சிடி தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும். அரை மணி நேரத்துக்கு 300-ஐத் தாண்டும். உடனே பலரும் கூகுளில் தேடி, முதலில் கண்ணில் படும் 'எம்பி3 கன்வெர்ட்டர்' தளத்தில் ஃபைலைப் போட்டுவிடுகிறார்கள். தாத்தா கதை என்றால் பரவாயில்லை. வக்கீலிடம் பேசிய சொத்து விவகாரமாக இருந்தால்?

இந்தத் தளங்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, ஃபைலை எங்கோ இருக்கும் தன் சர்வருக்கு ஏற்றி, மாற்றித் திருப்பித் தரும். இன்னொன்று, மாற்றும் வேலையை உங்கள் போனிலுள்ள பிரவுசருக்குள்ளேயே முடித்துவிடும். 'லேம்' என்ற பிரபல எம்பி3 என்கோடரை பிரவுசரில் ஓடும்படி மாற்றி அமைத்திருக்கிறார்கள். அதற்குக் கைகொடுக்கும் 'வெப் அசெம்ப்ளி' 2019-ல் அதிகாரபூர்வ இணையத் தரமானது. எம்பி3-க்கான உரிமத் திட்டத்தை ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் 2017-லேயே முடித்துக்கொண்டதால் காப்புரிமைத் தொல்லையும் இல்லை.

எந்த ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தளம் முழுதாகத் திறந்ததும் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்துவிடுங்கள். பிறகு ஃபைலைத் தேர்ந்தெடுத்து 'கன்வெர்ட்' அழுத்துங்கள். நெட் இல்லாமலே எம்பி3 வந்துவிட்டால், வேலை போனுக்குள் நடக்கிறது. அதைச் சேமித்து, அந்த டேபை மூடிய பிறகே நெட்டை ஆன் செய்யுங்கள். மாறவில்லையென்றால், ரகசியமான பதிவுக்கு அந்தத் தளம் வேண்டாம்.

ஃபைல் எப்படிச் சுருங்குகிறது? மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் கிசுகிசுப்பது காதில் விழாது அல்லவா? அதுபோல, பெரிய சத்தத்தில் அமுங்கிப்போகும் சின்னச் சத்தங்களை என்கோடர் கழித்துவிடுகிறது. பேச்சுக்கு மோனோ, 64 கேபிபிஎஸ் தாராளம். நிமிடத்துக்கு அரை மெகாபைட்தான். பாட்டுக்கு 192 வையுங்கள். ரொம்பக் குறைத்தால், பஜனையின் ஜால்ரா தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் குழறும்.

கழித்தது கழித்ததுதான். எம்பி3-ஐ மறுபடி 'வேவ்' ஆக்கினாலும் ஃபைல் பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது. அதனால் ஒரிஜினலை பென்டிரைவில் பத்திரப்படுத்திவிட்டே போனிலிருந்து அழியுங்கள். பழைய போனில் ஒரு மணி நேரப் பதிவைப் போட்டால் மெமரி போதாமல் டேப் பாதியிலேயே மூடிக்கொள்ளலாம். அப்போது பத்துப் பத்து நிமிடமாக வெட்டி மாற்றலாம்.