180 நாள் போதுமா?

பாலக்கரைக் கடைகளில் துண்டுச் சீட்டில் குறித்ததை அன்றிரவே பேரேட்டில் ஏற்றிவிடுவார்கள். சீட்டு தொலைந்தாலும் கணக்கு நிற்கும்.

இன்று பல நிறுவனங்களின் மென்பொருள் 'கன்டெய்னர்' என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓடுகிறது. பெட்டியை நீக்கினால் அதற்குள் எழுதிய பதிவும் போய்விடும். அதனால் எல்லாப் பெட்டிகளின் பதிவையும் உடனுக்குடன் ஒரே பேரேட்டில் சேர்க்க வேண்டும்.

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கும்படி 28-4-2022 அன்று உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் பொன்மலை பென்ஷன்காரர்களில் பலர் பாஸ்புக்கைப் பதிவதே நவம்பரில், லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போகும்போதுதான். பிப்ரவரியில் பணம் போயிருந்தால்? வரவு செலவு கணக்கில் இருக்கும். எந்த போனிலிருந்து நுழைந்தார்கள் என்ற தடம் அழிந்திருக்கலாம்.

2 வருடமாவது வைக்கச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.