கவனம் மட்டும் போதாது, ஒரு தகடு வேண்டும்

மரப் பட்டறையில் ஒருவருக்கு விரல் போனால், "கவனமில்லாம வேலை செஞ்சிருப்பான்" என்பதுதான் முதலில் காதில் விழும். முதலாளி சொல்வார், மேஸ்திரி சொல்வார். சில நேரம் அடிபட்டவரே, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "என் தப்புதான்" என்பார். தோழர்களே, இந்தப் பேச்சை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்த மெஷினில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று முதலில் கேளுங்கள்.

டேபிள் சாவில் கட்டை ஏன் திருப்பி அடிக்கிறது? மேசைக்கு நடுவே சுற்றும் பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. அவை கட்டையை மேசையோடு அழுத்திப் பிடிக்கும். பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. ஆபத்து அங்கேதான். நீளவாக்கில் அறுக்கும்போது, மரத்துக்குள் இருக்கும் இறுக்கம் விடுபட்டு, அறுத்த பிளவு மறுபடி மூடிக்கொள்ளலாம். அல்லது கட்டை சற்றே திரும்பி, பின்பக்கப் பல்லில் உரசலாம். உடனே அந்தப் பற்கள் கட்டையைத் தூக்கி, தள்ளிக்கொண்டிருப்பவரை நோக்கி எறிகின்றன. கட்டை வயிற்றிலோ நெஞ்சிலோ வந்து அடிக்கும். இன்னொரு கொடுமையும் உண்டு. கைக்குக் கீழே இருந்த கட்டை சட்டென்று போய்விடுவதால், அழுத்திக்கொண்டிருந்த கை நேரே பிளேடில் விழும்.

10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், அதன் பல் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆபத்தைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை விலகுவதற்குள் கால் நொடியாவது ஆகிவிடும். அந்தக் கால் நொடியில் பல் 13 மீட்டர் கடந்திருக்கும். எவ்வளவு கவனமான மனிதராலும் இந்த வேகத்தோடு போட்டி போட முடியாது. கவனம் தேவைதான். ஆனால் அதை மட்டுமே நம்பி ஒருவரை மெஷின் முன்னால் நிறுத்துவது அநியாயம்.

இதற்கான மாற்று மிகச் சாதாரணமானது. பிளேடுக்குப் பின்னால், அதே நேர்க்கோட்டில் நிற்கும் ஒரு இரும்புத் தகடு. ரைவிங் நைஃப் என்பார்கள். அறுபட்ட பிளவுக்குள் அது நுழைந்து நிற்பதால் பிளவு மூடிக்கொள்ள முடியாது. கட்டை திரும்பிப் பின்பக்கப் பல்லைத் தொடவும் வழி குறைவு. இதற்கு மின்சாரம் வேண்டாம், சென்சார் வேண்டாம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பிரிட்டனில் 1922-லேயே மர வேலை இயந்திரங்களுக்கான விதிகள் இந்தத் தகட்டைக் கட்டாயமாக்கின. இங்கேயும் பல மாநிலங்களின் தொழிற்சாலை விதிகளில் அது இருக்கிறது. மேசை மட்டத்தில் தகட்டுக்கும் பல்லுக்கும் இடைவெளி 10 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். தள்ளுகட்டை கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

பிறகு ஏன் பட்டறைகளில் காணோம்? 1948 தொழிற்சாலைச் சட்டம், மின்சாரத்தில் இயங்கும் இடமென்றால் 10 தொழிலாளர் இருந்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று பார்த்தது. 2020-ல் வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. நம் தெருமுனைப் பட்டறையில் இருப்பது மூன்று பேர், நான்கு பேர். பிளேடு ஆள் எண்ணிக்கை பார்த்து வெட்டுவதில்லை. சட்டம்தான் எண்ணிப் பார்க்கிறது.

விரல் போன பிறகு எண்ணுவதற்கு மட்டும் கணக்கு துல்லியமாக இருக்கிறது. 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. உளி பிடித்துப் பிழைக்கிறவருக்கு ஆள்காட்டி விரல் இல்லாவிட்டால் 14 சதவீதம்தான் நட்டமா? அந்தத் தொகையைக்கூட, வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத கையாள் எப்படி வாங்குவார்?

"புது மெஷின் வாங்க வசதி இல்லை" என்பது அடுத்து வரும் பதில். விரல் பட்டவுடன் சில மில்லி நொடிகளில் பிளேடை நிறுத்தும் சாஸ்டாப் போன்ற மெஷின்கள் வந்திருப்பது உண்மை. அவற்றின் விலை நம் பட்டறைகளுக்கு எட்டாது. அந்த அமைப்பைப் பழைய மெஷினில் பொருத்தவும் முடியாது. ஆனால் தகட்டைப் பழைய மெஷினிலும் பொருத்தலாம். நம்மூரில் செய்யும் பல மெஷின்களில் பிளேடு நின்ற இடத்திலேயே நிற்கும், மேசைதான் ஏறி இறங்கும். இது ஒரு வசதி. தகட்டை மெஷினின் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டால், மேசையை எந்த உயரத்தில் வைத்தாலும் பிளேடுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது. பிளேடே ஏறி இறங்கும் மெஷின் என்றால், பிளேடைத் தாங்கும் பாகத்தோடு சேர்ந்து தகடும் ஏறி இறங்க வேண்டும். அதற்கு வழியில்லாதபோது, பிளேடைச் சுற்றியுள்ள மூடுபலகையின் பின்பகுதியில் ஒரு சிறு தடுப்பையாவது நிறுத்தலாம். அது ரைவிங் நைஃபுக்கு முழு ஈடாகாது. காடி எடுக்கும்போது கழற்ற வேண்டியிருக்கும், கழற்றினால் மறுபடி மாட்ட மறப்பார்கள். பிளேடின் உச்சியைவிடச் சற்றுத் தாழ்வாக நிற்கும் தகட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அளவு முக்கியம். தகடு பிளேடின் உடம்பைவிடத் தடிமனாகவும், பல் அறுக்கும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பல் அகலம் 3.2 மில்லிமீட்டர், உடம்பு 2.2 என்றால், தகடு 2.5 இருக்கலாம். தடிமன் கூடினால் கட்டை தகட்டில் சிக்கும், குறைந்தால் பயன் இல்லை. பிளேடை மாற்றினால் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். கைடு பலகை பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இதெல்லாம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, விஷயம் தெரிந்த ஃபிட்டரை வைத்துச் செய்ய வேண்டிய வேலை. அத்தோடு, கட்டையை முன்னே மட்டும் போகவிட்டுப் பின்னே வரவிடாத பல்கொக்கிகளும் உண்டு. அவை கூடுதல் காவல், தகட்டுக்கு மாற்று அல்ல.

நம் தோழர்களில் சிலர் வேறொரு கேள்வி கேட்பார்கள். "மலக்குழிக்குப் பாதுகாப்புக் கருவி கொடுத்தால் போதும் என்று சொன்னவர்களை எதிர்த்தவர்கள்தானே நாம்? இங்கே மட்டும் ஏன் கருவி கேட்கிறோம்?" நியாயமான கேள்வி. மலக்குழியில் மனிதர் இறங்கும் வேலையே இருக்கக்கூடாது என்பது நம் நிலை. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் அந்த வேலையில் ஆளை அமர்த்துவதை 2013 சட்டமும் தடை செய்கிறது. மர வேலை அப்படியல்ல. அது ஒழிய வேண்டிய வேலை இல்லை, விரல் போகாமல் செய்ய வேண்டிய வேலை. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே பொய்தான் ஓடுகிறது. செத்தவர் மேல், அடிபட்டவர் மேல் பழியைப் போட்டுவிட்டு, வேலை கொடுத்தவரைத் தப்ப விடுவது. அந்தப் பொய்யை இரண்டு இடத்திலும் எதிர்ப்போம்.

ஐ.டி.ஐ.யில், பாலிடெக்னிக்கில் படிக்கிற தோழர்கள் நாளைக்கே ஒன்று செய்யலாம். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் உள்ள டேபிள் சாவைப் பாருங்கள். பிளேடுக்குப் பின்னால் தகடு இருக்கிறதா? மேலே மூடி இருக்கிறதா, கழற்றி மூலையில் போட்டிருக்கிறார்களா? தள்ளுகட்டை கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் நான்கு பேராகச் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் அவரை "பயந்தாங்கொள்ளி" என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள்.

பட்டறை வேலைக்குப் போகும் அண்ணன் தம்பிகளிடம், "பார்த்து வேலை செய்" என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தகட்டைப் பற்றியும் சொல்லுங்கள். அதைப் போட வேண்டிய பொறுப்பு மெஷின் வைத்திருப்பவருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.