ஆணி பிடுங்குற கூலி

போன மாதம் நண்பன் ஒருவன் தன் ஃபிளாட் பால்கனிக்குப் பேலட் மரத்தில் ஒரு பெஞ்ச் செய்யத் தச்சர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தான். கூலியைக் கேட்டதும் நண்பனுக்கு அதிர்ச்சி. "அண்ணே, குப்பைல போற மரம்ணே. இதுக்குப் போய் இவ்வளவா?" அவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ப்ளைவுட்டுன்னா ஒரே நாள்ல முடிச்சிருவேன் தம்பி. இது மூணு நாளு இழுக்கும். மரந்தான் பழசு, கூலியும் பழைய கூலியா?"

பேரம் பேசி முக்கால்வாசிக்குக் கொண்டுவந்தான். அடுத்த வாரம் இன்ஸ்டாகிராமில் பெஞ்ச் வந்தது, செடி வந்தது, 'ஜீரோ வேஸ்ட்' வந்தது. தச்சர் வரவில்லை.

அவனை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. மூன்று வருடம் முன்பு நானும் இந்த மதத்தில் சேர்ந்தவன்தான். மகளுக்குக் கட்டில் செய்கிறேன் என்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பழைய மரக்கடையில் ஆறு பேலட் வாங்கி, குட்டியானையில் ஏற்றி வந்தேன். யூடியூபில் பதினோரு நிமிடத்தில் முடிந்த வேலை எனக்கு ஐந்து வார இறுதிகளைத் தின்றது. ஐரோப்பாவில் சுற்றும் 1200 x 800 மி.மீ. யூரோ பேலட்டில் மொத்தம் 78 ஆணிகள். நம்மூரில் அடிப்பதில் கணக்கு ஏறும் இறங்கும், ஆனால் எதுவும் பிடுங்குவதற்காக அடித்ததில்லை. ஃபோர்க்லிஃப்டின் இடியைத் தாங்க வேண்டுமே. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் ஆணி வராது, பலகைதான் பிளக்கும். ஆணியின் தலை உடைந்து தண்டு உள்ளேயே தங்கிவிடும். அது தெரியாமல் பிளேனரை ஓட்டினேன், பிளேடு பல்லிளித்துவிட்டது. ஆவணமே இல்லாத பழைய கோடில் கை வைத்தவர்களுக்கு இந்த உணர்வு புரியும்.

முடித்த பிறகு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன் (தொழில் புத்தி). பலகை, பிளேடு, உப்புத்தாள், வார்னிஷ், வண்டி வாடகை. அதோடு என் மணிக்கூலியையும் சேர்த்தால் தேக்குக் கட்டிலே வாங்கியிருக்கலாம். அந்த வரியை மட்டும் அழித்துவிட்டேன். ஏனென்றால் என் உழைப்புக்குப் பெயர் 'ஹாபி'. மன அழுத்தத்துக்கு மருந்து. அதே மரக்கடையின் பின்பக்கம் வெயிலில் உட்கார்ந்து நாள் முழுக்க ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த அக்காவுக்கு அது எந்த அழுத்தத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை.

பேலட் மரம் பற்றி நான் உருப்படியாகக் கற்றது அவரிடம்தான். "முத்திரையப் பாத்து எடு தம்பி" என்றார். கோதுமைக் கதிர் போல ஒரு சின்னம், நாட்டுக் குறி, பக்கத்தில் இரண்டு எழுத்து. மரத்தோடு பூச்சியும் கப்பலேறி நாடு விட்டு நாடு போகாமலிருக்க 2002ல் கொண்டுவந்த ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி அது. எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி, 30 நிமிடம் அப்படியே இருந்திருக்கிறது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. ஓசோனைக் கெடுக்கும் என்று மான்ட்ரியல் ஒப்பந்தம் கட்டுப்படுத்திய வாயு, சரக்குப் பூச்சிக்கு மட்டும் விலக்கு. அந்த முத்திரை பூச்சிக்குச் செய்த வைத்தியத்தைத்தான் சொல்லும். அதற்குப் பிறகு பலகை மேல் எந்த ரசாயன டிரம் கவிழ்ந்தது என்பதைச் சொல்லாது. "எண்ணெய் குடிச்ச பலகைய விட்டுரு, எவ்வளவு இழைச்சாலும் வாடை போவாது. புள்ளைக்குன்னு வேற சொல்ற." இந்த அறிவுக்கு என்ன ரேட்? பலகை விலைக்குள் அடக்கம்.

சரி, காட்டைக் காப்பாற்றுகிறோமே என்பார்கள். அந்தக் கடையை ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தால் அதுவும் கழன்றுவிடும். அங்கே எதுவும் குப்பை இல்லை. முழுசாக இருப்பவை திரும்பவும் கம்பெனிக்குப் போகின்றன. ஒரு பலகை உடைந்தால் அதை மட்டும் மாற்றுகிறார்கள். தேறாதது சென்ட்ரிங் வேலைக்கு, அதிலும் தேறாதது அடுப்புக்கு. பிடுங்கிய ஆணியையும் எடை போடுகிறார்கள். நாம் போய்ப் பார்வைக்கு அழகான, உடையாத பேலட்டாகப் பொறுக்கி எடுத்து அதன்மேல் எபாக்சி ஊற்றுகிறோம். நாம் எடுத்ததற்குப் பதிலாக இன்னொன்றைப் புதிதாக அடிக்கத்தான் போகிறார்கள். நாம் சுழற்சியை ஆரம்பித்து வைக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் நடுவில் கையை விட்டிருக்கிறோம்.

செய்யவே கூடாது என்பது என் கட்சி இல்லை. 1934ல் ஹாலந்தின் ரீட்வெல்ட் பேக்கிங் பெட்டிக்கான மட்டப் பலகையில் நாற்காலி செய்தார், பணமில்லாத காலத்தில் பணமில்லாதவர்களும் வாங்கட்டும் என்று. அவர் தச்சர் மகன், தானும் தச்சர். அங்கே மலிவு என்பது வாங்குகிறவருக்கு. இங்கே காபி ஷாப்பில் அதே தோற்றத்துக்குத் தனி விலை, அதைச் செய்தவருக்கு மட்டும் மலிவு.

உடைந்ததை எடுங்கள். ஆணி பிடுங்கும் நேரத்தைக் கணக்கில் எழுதுங்கள். தச்சரைக் கூப்பிட்டால் ப்ளைவுட்டுக்குக் கொடுப்பதைவிட அதிகம் கொடுங்கள், வேலை அதிகம். முடியாவிட்டால் ப்ளைவுட்டே போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நான் பத்தாவது வரை படித்த மேசை ஆப்பிள் பெட்டிப் பலகையில் அப்பா அடித்தது. அதிலிருந்த எழுத்து தெரியக்கூடாதென்று அம்மா காலண்டர் தாள் ஒட்டி, அது கிழியக் கிழிய மாற்றிக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு யாராவது வந்தால் மேல் ஒரு துணி வேறு. மகளின் கட்டிலில் நானோ எச்.டி. முத்திரை தெரிகிற பலகையைத் தேடி எடுத்து, இழைக்காமல் விட்டு, கால்மாட்டில் வைத்து வார்னிஷ் அடித்தேன். அம்மா முதல்முறை வந்தபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "பேக்கிங் பலகையிலயாடா புள்ளைக்குக் கட்டில் போட்ட?" கை நிறையச் சம்பாதிக்கிறவனுக்கு இது ஃபேஷன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இப்போதும் ஊரிலிருந்து வந்தால் முதல் வேலையாகப் பெட்ஷீட்டைத் தரை வரைக்கும் இழுத்து அந்த முத்திரையை மூடிவிடுகிறார். அவர் ஊருக்குக் கிளம்பும் வரை நானும் அதை மடித்து விடுவதில்லை.